முப்பது நாளில் ஊடாடும் துப்பறியும் கதை: எந்த அமைப்பில் எழுதுவது?

நவம்பர் நாவல் சவாலில் இறங்கும்போதே சிலர் தீர்மானித்துவிடுகிறார்கள்: இந்த முறை வாசகரே விசாரித்துக் குற்றவாளியைக் கண்டுபிடிக்கிற கதைதான். நல்ல ஆசை. எழுதுகிறவருக்கு இவ்வளவு சந்தோஷம் தரும் வடிவம் வேறு அதிகம் இல்லை. ஆனால் முதல் வாரத்திலேயே ஒரு கேள்வி வந்து நிற்கும். வாசகர் எந்த இடத்தில் தேர்வு செய்கிறார், அந்தத் தேர்வு கதையில் எதை மாற்றுகிறது? இதற்கு நான்கு விதமாகப் பதில் சொல்லலாம். எதைச் சொல்கிறீர்களோ அதைப் பொறுத்து மாதம் முழுவதற்குமான வேலையே மாறிப்போகும். பாதி வழியில் மாற்றிக்கொள்வது மிகவும் கடினம். அதனால் அக்டோபரிலேயே உட்கார்ந்து யோசித்துவிடுங்கள்.

1999 ஜூலையில் சான் பிரான்சிஸ்கோ பகுதியில் கிறிஸ் பேட்டி என்பவரும் நண்பர்களுமாக 21 பேர் தொடங்கிய சவால் இது. அடுத்த ஆண்டே நவம்பருக்கு மாறியது. பின்னாளில் அதை நடத்திவந்த நானோரைமோ அமைப்பு, மூடப்போவதாக 2025 மார்ச்சில் அறிவித்துவிட்டது. இருந்தாலும் அந்தக் கணக்கைப் பிடித்துக்கொண்டு எழுதுகிறவர்கள் எழுதிக்கொண்டுதான் இருக்கிறார்கள்: 30 நாள், 50,000 சொல், ஒரு நாளைக்கு 1,667. தமிழில் வேற்றுமை உருபும் துணைவினையும் சொல்லோடு ஒட்டிக்கொள்வதால், அதே நீளமுள்ள கதைக்கு ஆங்கிலத்தைவிடக் குறைவான சொற்களே வரும். ஆக, தமிழில் 50,000 என்பது கூடுதல் கனம். 35,000 என்று வைத்துக்கொண்டாலும் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். இங்கே ஒப்பிட வசதியாக 50,000 என்றே வைத்துக்கொள்கிறேன்.

பேசுவதற்கு ஒரு வழக்கு வேண்டும். சிவகாசியில் ஒரு காலண்டர் அச்சகம் என்று வைத்துக்கொள்வோம். ஆடிப்பெருக்கன்று காலண்டர் மாதிரிகளின் ஆல்பம் வெளியிட்டு, ஆர்டர் பிடித்து, நவம்பரில் மெஷின் இரவு பகலாக ஓடும் நேரம். ஒரு விடியற்காலையில் முதலாளி பேப்பர் வெட்டும் மெஷின் பக்கத்தில் இறந்து கிடக்கிறார். சந்தேகம் ஐந்து பேர் மீது: பங்குதாரர், மெஷின்மேன், டிசைனர், முதலாளியின் மைத்துனர், வாட்ச்மேன். எழுதுகிற நமக்கு மட்டும் தெரிந்த உண்மை இது. பங்குதாரர் ஒருகாலத்தில் மெஷின் ஓட்டியவர். சில இரவுகளில் ஆட்களைச் சீக்கிரம் அனுப்பிவிட்டு ஒரு மருந்துக்குப் போலி லேபிள் அடித்துவந்தார். அன்றைக்கு முதலாளி எதிர்பாராமல் வந்துவிட்டார்.

முழுக்கக் கிளை பிரியும் கதை

பலருக்கும் முதலில் தோன்றுவது இதுதான். ஒவ்வொரு காட்சியின் முடிவிலும் இரண்டு வழி. ஒவ்வொரு வழியும் தனிக் கதையாகப் பிரிந்து போகும். கணக்குப் போட்டுப் பாருங்கள். ஐந்து முறை தேர்வு வைத்தால் 1, 2, 4, 8, 16, 32 என்று மொத்தம் 63 காட்சிகள். காட்சிக்கு 800 சொல் என்றால் 50,400. சவாலின் இலக்கு முடிந்துவிட்டது. ஆனால் வாசகர் ஒருமுறை படிப்பது ஆறே காட்சிகள், 4,800 சொல். ஒரு சிறுகதையின் அளவு. அதற்குள் ஐந்து சந்தேக நபர்களை அறிமுகப்படுத்தி, தடயம் வைத்து, குற்றவாளியையும் பிடிக்க முடியுமா?

அளவைவிடப் பெரிய சிக்கல் ஒன்று இருக்கிறது. கிளைகள் உண்மையாகவே வேறுபட வேண்டும் என்று நினைத்தால், உண்மையே கிளைக்குக் கிளை மாறத் தொடங்கும். இடது பக்கம் போனால் டிசைனர் கொலையாளி, வலது பக்கம் போனால் மைத்துனர். கேட்கும்போது சுவாரஸ்யமாக இருக்கும். படிக்கும்போது வாசகருக்குத் துப்பறியும் வேலையே இல்லாமல் போய்விடும். முதல் காட்சியில் பார்த்த மைக்கறைக்கு ஒரு பொருள் இருந்தால்தான் அதை வைத்து யோசிக்க முடியும். போகிற வழியைப் பொறுத்து அந்தக் கறையின் பொருள் மாறுகிறது என்றால் அவர் யோசித்து என்ன பயன்? கொலை கதை தொடங்குவதற்கு முன்பே நடந்து முடிந்த விஷயம். அதை வாசகரின் தேர்வு தொடக் கூடாது. அவருடைய தேர்வால் மாறவேண்டியது ஒன்றுதான்: அவருக்கு என்ன தெரியும், எப்போது தெரியும் என்பது. இந்தக் கட்டுரையில் நான் அழுத்திச் சொல்ல விரும்புவது இதைத்தான்.

ஆகவே துப்பறியும் கதைக்கு முழுக் கிளையை நான் பரிந்துரைக்க மாட்டேன். விதிவிலக்கு உண்டு. உண்மை பாதியிலேயே தெரிந்துவிட்டது, இனி என்ன செய்வது என்பதுதான் கதை என்றால் கிளை அழகாகப் பொருந்தும். போலீசிடம் போவதா, போலி மருந்தால் பாதிக்கப்பட்டவர்களைத் தேடிப் போவதா, மிரட்டலுக்குப் பணிவதா? அது வேறு வகைக் கதை, நல்ல கதையும்கூட.

பிரிந்து மீண்டும் சேரும் கதை

பத்து அத்தியாயம். ஒவ்வொன்றிலும் எல்லோரும் படிக்கும் பகுதி 2,500 சொல். நடுவில் இரண்டு வழி, வழிக்கு 1,250 சொல். அத்தியாய முடிவில் இரண்டும் சேர்ந்துவிடும். மொத்தம் 50,000 எழுதுகிறீர்கள், வாசகர் 37,500 படிக்கிறார். உழைப்பு வீணாகாது. ஏற்கெனவே நாவல் எழுதிப் பழகியவருக்குக் கை தானாக ஓடும். முன்னும் பின்னும் தெளிவாக இருப்பதால் வேகம், பதற்றம், அத்தியாய முடிவில் ஒரு திருப்பம் எல்லாமே உங்கள் கட்டுப்பாட்டில் இருக்கும்.

குறை என்னவென்றால், இரண்டு மூன்று அத்தியாயம் கழிந்ததும் வாசகருக்கு விஷயம் புரிந்துவிடும். எதைத் தேர்ந்தெடுத்தாலும் அதே இடத்துக்குத்தான் வந்து சேர்கிறோம் என்று தெரிந்தபின் தேர்வு வெறும் பக்கம் புரட்டுவதாகிவிடும். இதைச் சமாளிக்க, ஒவ்வொரு வழியிலும் ஒரு தடயத்தை வைத்துவிட்டுப் பின்னால் ஒரு உரையாடலில் அதைப் பயன்படுத்தலாம். வாட்ச்மேனை முதலில் விசாரித்தவருக்குக் கேட் ரெஜிஸ்டரில் ஒரு வரி அடித்துத் திருத்தப்பட்டிருப்பது தெரியும். மெஷின்மேனை விசாரித்தவருக்கு அன்றிரவு ஷிப்ட் சீக்கிரம் முடிந்தது தெரியும். ஏழாம் அத்தியாயத்தில் பங்குதாரரிடம் பேசும்போது அவரவருக்குத் தெரிந்ததை மட்டும் கேட்க முடியும். ஒரே காட்சி, இரண்டு விதமான அழுத்தம். இந்தச் சின்ன ஏற்பாடு கதைக்கு உயிர் கொடுத்துவிடும்.

முதல்முறையாக ஊடாடும் கதை எழுதுகிறவர், கணினி நிரல் என்றாலே தயங்குகிறவர், வேலைக்குப் போய்வந்து இரவில் ஒன்றரை மணி நேரம் மட்டும் எழுதக்கூடியவர்: இவர்களுக்கு இதுவே போதும். வெட்கப்பட ஒன்றுமில்லை.

இடம் இடமாகப் போய் விசாரிக்கும் கதை

எனக்குப் பிடித்தது இதுதான். கதை நடப்பது மூன்று நாட்கள். ஒவ்வொரு நாளும் வாசகர் முன்னால் ஆறு இடங்கள்: மெஷின் ஹால், மை வைத்திருக்கும் அறை, அச்சுப் பிளேட் தயாரித்துத் தரும் கடை, முதலாளி வீடு, டீக்கடை, காவல் நிலையம். ஒரு நாளில் நான்கு இடத்துக்குத்தான் நேரம் இருக்கும். எங்கே போவது, எதை விடுவது என்று அவர் முடிவு செய்யவேண்டும்.

கணக்கைப் பாருங்கள். 18 காட்சி, ஒவ்வொன்றும் 1,500 சொல் என்றால் 27,000. ஐந்து பேரிடம் எட்டு விஷயங்களைப் பற்றிக் கேட்கலாம். பதிலுக்கு 250 சொல் என்றால் 10,000. ஒவ்வொரு நாளின் முடிவிலும் எல்லோரும் கடந்தாகவேண்டிய ஒரு பெரிய நிகழ்வு, 2,000 வீதம் 6,000. ஐந்து பேரில் யாரைக் குற்றம் சாட்டினாலும் அதற்கொரு முடிவு, 1,400 வீதம் 7,000. கூட்டினால் சரியாக 50,000. வாசகர் ஒருமுறையில் 12 காட்சி, பாதிக் கேள்விகள், மூன்று நிகழ்வுகள், ஒரு முடிவு என்று சுமார் 30,000 சொல் படிப்பார். மிச்சம் இருப்பது, முடிவு தப்பாகப் போனால் திரும்ப வந்து பார்க்கத் தூண்டும் அளவுக்குச் சரியாக இருக்கும்.

சவால் மாதத்துக்கு இதில் இருக்கும் பெரிய வசதி, வரிசை இல்லாமல் எழுதலாம் என்பது. இன்றைக்கு மெஷின் ஹால் வரவில்லையா? சரி, டீக்கடையை எழுதுங்கள். தினம் 1,667 சொல் என்று கணக்கு துரத்தும்போது இந்தச் சுதந்திரம் எவ்வளவு பெரிது என்பது எழுதிப் பார்த்தவர்களுக்குத் தெரியும். நாவலில் பன்னிரண்டாம் அத்தியாயத்தில் மாட்டிக்கொண்டால் அங்கேயே கிடக்கவேண்டியதுதான்.

ஆபத்தும் அதே இடத்தில்தான் இருக்கிறது. எந்தக் காட்சியும் எந்தக் காட்சிக்கு முன்னும் வரலாம் என்பதால், முன்னுக்குப்பின் முரண் எளிதாக நுழைந்துவிடும். டிசைனர் இரண்டாம் நாள் ஊரிலேயே இல்லை என்று ஒரு காட்சியில் எழுதிவிட்டு, அதே மாலை டீக்கடையில் அவரை உட்கார வைத்திருப்பீர்கள். ஒவ்வொருவரும் அன்றிரவு மணிக்கு மணி எங்கே இருந்தார்கள் என்று எழுதிய ஒரு தாள் மேஜை மீது இருந்தே ஆகவேண்டும்.

ஒரு எச்சரிக்கை. இன்னும் ஒரு படி மேலே போய், கதைமாந்தர்கள் கடிகாரப்படி தாங்களே நகரட்டும், வாசகர் சரியான நேரத்துக்குச் சரியான இடத்தில் இருக்கவேண்டும் என்று வைக்க ஆசை வரும். 1982-இல் இன்ஃபோகாம் நிறுவனத்துக்காக மார்க் பிளாங்க் உருவாக்கிய டெட்லைன் என்ற கணினிக் கதை அப்படித்தான் இயங்கியது. வழக்கை முடிக்கக் கதைக்குள் 12 மணி நேரம் மட்டுமே. அருமையான ஏற்பாடு. ஆனால் ஒவ்வொரு ஆளுக்கும் ஒவ்வொரு நேரத்துக்கும் எழுதி, சோதித்து, திருத்தவேண்டும். தனி ஆளாக ஒரு மாதத்தில் அதைத் தொடாதீர்கள்.

கேஸ் கட்டு

கிளையே இல்லாத நான்காவது வழி. முதல் தகவல் அறிக்கை, பிரேதப் பரிசோதனை அறிக்கை, கேட் ரெஜிஸ்டர், போன் அழைப்புப் பட்டியல், வாக்குமூலங்கள், கடிதங்கள் எல்லாவற்றையும் அப்படியே வாசகர் கையில் கொடுத்துவிடுவது. தீர்வு மட்டும் தனியே பூட்டி இருக்கும். 1936-லேயே டென்னிஸ் வீட்லி இப்படி ஒரு கொலை வழக்குக் கோப்பை வெளியிட்டார்; உண்மையான தடயப் பொருட்களைக்கூட உள்ளே ஒட்டி, தீர்வை முத்திரையிட்ட பக்கங்களில் வைத்திருந்தார். மேலே சொன்ன டெட்லைனும் தன் பெட்டிக்குள் விசாரணைக் குறிப்புகளையும் ஆய்வக அறிக்கையையும் அச்சிட்டுக் கொடுத்தது. அந்தக் காலத்துக் கணினி வட்டில் இடம் போதாததும் அதற்கு ஒரு காரணம்.

நிரல் சுத்தமாகத் தேவையில்லை. எழுதிய ஒவ்வொரு சொல்லும் படிக்கப்படும். ஆனால் 50,000 சொல்லுக்கு ஆவணமாகவே எழுதினால் வாசகர் களைத்துவிடுவார். 15,000 வரை தாங்கும். அத்தோடு ஆவணம் சரியாக இருக்கவேண்டும். 2024 ஜூலை 1 முதல் குற்ற விசாரணை நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாகப் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா நடைமுறைக்கு வந்துவிட்டது. சந்தேக மரணத்துக்கு 174-ஆம் பிரிவு என்று பழக்கத்தில் எழுதினால் இன்றைய கதையில் தப்பு. இப்போது அது 194. இறந்த நேரத்தையும் மருத்துவர் நிமிடக் கணக்கில் சொல்ல மாட்டார், சில மணி நேர இடைவெளியாகத்தான் சொல்வார். நம் ஊர் வெப்பத்தில் உடல் விறைப்பது சீக்கிரம் தொடங்கிச் சீக்கிரம் விலகும். 11.40-க்குச் செத்தார் என்பதை வைத்துப் புதிரைக் கட்டினால் விவரம் தெரிந்த வாசகர் முதல் பக்கத்திலேயே நம்பிக்கை இழப்பார்.

கேஸ் கட்டைத் தனியாக எடுப்பதைவிட மூன்றாவது வழியோடு கலப்பது நல்லது. வாசகர் ஒரு இடத்துக்குப் போனால் அங்கே ஓர் ஆவணம் கிடைக்கட்டும். விவரிப்பிலிருந்து ஒரு மாற்றமாகவும் இருக்கும், எழுதுகிற உங்களுக்கும் ஒரு நாள் இளைப்பாறலாக இருக்கும்.

எதை எடுத்தாலும் தடயப் பட்டியல் முதலில்

மூன்றாவது வழிதான் என் தேர்வு. அதில் நாள் முடிவில் வரும் பொது நிகழ்வுகள் இரண்டாவது வழியிலிருந்து வாங்கியவை. ஆனால் பட்டியல் இல்லாமல் அது நிற்காது. வாசகர் வந்து சேரவேண்டிய முடிவுகளை ஒரு தாளில் எழுதுங்கள். நம் வழக்கில் நான்கு போதும்: அன்றிரவு மெஷினில் வேறு ஏதோ அச்சானது, ஓட்டியவர் தொழில் தெரிந்தவர், ஆட்களை அனுப்பியது தற்செயல் இல்லை, முதலாளிக்கு முன்பே சந்தேகம் இருந்தது.

மேசை விளையாட்டு எழுத்தாளர் ஜஸ்டின் அலெக்சாண்டர் சொன்ன விதி இங்கே அப்படியே உதவும்: ஒவ்வொரு முடிவுக்கும் குறைந்தது மூன்று தடயம். ஒன்றை வாசகர் பார்க்கவே மாட்டார், இன்னொன்றைப் பார்த்தும் பொருட்படுத்த மாட்டார், மூன்றாவது பிடித்துக்கொள்ளும். முதல் முடிவை எடுத்துக்கொள்வோம். மெஷினில் ஓடிய தாள்களை எண்ணும் கவுண்டர் காட்டும் எண்ணும், கட்டிவைத்த காலண்டர் தாள்களும் கழிவுத் தாளும் சேர்ந்த கணக்கும் பொருந்தவில்லை. மெஷின் ஹாலுக்குப் போனவருக்கு இது. ரோலர் கழுவிய துணியில் அந்தக் காலண்டரில் எங்குமே வராத பச்சை. மை அறைக்குப் போனவருக்கு அது. பிளேட் கடையின் பில் புத்தகத்தில் இந்த அச்சகத்தின் பெயரில் ஒரு பிளேட் கூடுதல். மூன்றும் மூன்று இடத்தில், மூன்று விதமான மூளைக்கு: எண் பார்ப்பவர், கண் பார்ப்பவர், தாள் புரட்டுபவர். மூன்று தடயங்களையும் ஒரே அறையில் வைத்தால் மூன்று இருந்தும் ஒன்றுதான்.

2007-இல் ராபின் லாஸ் உருவாக்கிய கம்ஷூ விளையாட்டு முறையின் அடிப்படையும் மனதில் இருக்கட்டும். தேவையான தடயம் போன இடத்தில் கிடைத்தே தீரவேண்டும். அதன் பொருளைக் கண்டுபிடிப்பதில்தான் விளையாட்டு. மேஜை இழுப்பறையைத் திறக்கிறீர்களா இல்லையா என்றெல்லாம் தேர்வு வைத்து, திறக்காதவருக்குத் தடயத்தை மறைப்பது துப்பறிவதில் சேராது. மை அறைக்குப் போனவர் அந்தத் துணியைப் பார்க்கத்தான் வேண்டும். அந்தப் பச்சை ஏன் அங்கே வந்தது என்று கேட்பது அவர் வேலை.

குற்றம் சாட்டும் இடம்

இங்கேதான் பல கதைகள் கோட்டைவிடுகின்றன. கடைசியில் ஐந்து பெயரைக் காட்டி ஒன்றைத் தொடச் சொன்னால், ஒன்றுமே யோசிக்காதவரும் ஐந்தில் ஒரு வாய்ப்பில் ஜெயித்துவிடுவார். தோற்றால் பின்னால் போய் அடுத்த பெயரைத் தொடுவார். பெயரோடு காரணத்தையும் ஆதாரத்தையும் சேர்த்துக் கேளுங்கள். ஐந்து பெயர், நான்கு காரணம், ஆறு ஆதாரம் என்றால் 120 சேர்க்கை. ஊகித்து வர முடியாது. லூகாஸ் போப்பின் 2018-ஆம் ஆண்டு கணினி விளையாட்டான ரிட்டர்ன் ஆஃப் தி ஓப்ரா டின்னில், மூன்று பேரின் கதியைச் சரியாகச் சொன்னால்தான் மூன்றும் ஒன்றாக உறுதியாகும். அந்த யோசனையை இங்கேயும் எடுக்கலாம்: பெயர், காரணம், ஆதாரம் மூன்றும் சரியாக இருந்தால் மட்டுமே வழக்கு நிற்கும், எது தப்பு என்று சொல்லாதீர்கள். பெயர் சரி, ஆதாரம் தப்பு என்றால் பங்குதாரர் வக்கீலோடு சிரித்துக்கொண்டே வெளியே போகும் ஒரு முடிவை எழுதுங்கள். அதற்குக் கூடுதலாக 1,400 சொல் ஆகும்; பேச்சுப் பதில்களில் ஐந்தாறைக் குறைத்து ஈடுகட்டிக்கொள்ளலாம்.

கருவி

இதில் அதிகம் யோசிக்கவேண்டாம். 2009-இல் கிறிஸ் கிளைமஸ் உருவாக்கிய ட்வைன் இலவசம், கதை உலாவியில் ஓடும், யூனிகோட் தமிழ் சிக்கலில்லாமல் வரும், காட்சிகள் படமாகக் கண்முன் நிற்கும். பெரும்பாலோருக்கு இதுவே சரி. இங்கிள் நிறுவனம் 2016-இல் திறந்த மூலமாக வெளியிட்ட இங்க், வெறும் எழுத்துக் கோப்பாகவே எழுதப் பிடித்தவர்களுக்கு. வாசகர் எந்தக் காட்சிக்கு எத்தனை முறை போனார் என்பதை அது தானாகவே கணக்கு வைத்துக்கொள்ளும் என்பதால், நம் மூன்றாவது வழிக்கு அழகாகப் பொருந்தும். வாசகர் கட்டளையைத் தட்டச்சு செய்யும் வகைக்குப் புகழ்பெற்றது இன்ஃபார்ம். ஆனால் அது புரிந்துகொள்வது ஆங்கில வாக்கிய அமைப்பை. கத்தியை எடு, கத்தியால் வெட்டு, கத்தியில் பார் என்று உருபு மாறும்போதெல்லாம் அது தடுமாறாமல் இருக்க நீங்களே தனியாக ஏற்பாடு செய்யவேண்டும். அந்த வேலைக்கே ஒரு மாதம் போய்விடும்.

மாதத்தை இப்படிப் பிரித்துக்கொள்ளுங்கள். பட்டியலும் நேரத் தாளும் அக்டோபரில். நவம்பர் முதல் இரண்டு நாளில் குற்றம் சாட்டும் காட்சியையும் சரியான முடிவையும் எழுதிவிடுங்கள். பிறகு எழுதும் ஒவ்வொரு காட்சியும் எதை நோக்கிப் போகிறது என்று கை அறிந்திருக்கும். அப்புறம் இடங்கள், பேச்சுகள், கடைசியில் தப்பான முடிவுகள். 26-ஆம் தேதி வாக்கில் கதையைப் பற்றி எதுவுமே கேட்டிராத ஒருவரிடம் கொடுத்து, பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள். குறுக்கே பேசக் கூடாது. அவர் எந்த இடத்துக்குப் போகிறார், எதைத் தாளில் குறித்துக்கொள்கிறார், எதை வேகமாகக் கடக்கிறார் என்று மட்டும் எழுதிக்கொள்ளுங்கள். பிளேட் கடைக்குப் போகாமலேயே அவர் பங்குதாரரிடம் வந்துவிட்டால் மற்ற இரண்டு தடயமும் வேலை செய்கின்றன, அங்கே எதையும் தொடாதீர்கள். மூன்று இடத்துக்கும் போய்வந்தும் மைத்துனரைக் கைகாட்டினால், மைத்துனர் மீது நீங்கள் போட்ட சந்தேகம் அளவுக்கு மீறிவிட்டது. மிச்சமிருக்கும் நான்கு நாளில் அதைத்தான் முதலில் குறைக்கவேண்டும்.